ராத்திரி இரண்டு மணிக்கும் வாயில் வருகிற தாலாட்டு

ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரு கை தூளியிலும் பாதிக் கண் தூக்கத்திலுமாக இருக்கும்போது, இருபது தடவை திரும்பத் திரும்பப் பாடினாலும் தொண்டை வலிக்காத பாட்டு. புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு முதலில் வேண்டியது அதுதான். மகள் பிறக்கும் முன்பே நான் நாற்பது பாட்டு எழுதி வைத்திருந்தேன். எல்லாம் கேட்க அருமையானவை. தூளிக்குப் பக்கத்தில் நின்று பாடிப் பார்த்ததில் மூன்றுதான் மிஞ்சின. மற்றவை ஏன் நிற்கவில்லை, இந்த மூன்று ஏன் நின்றன என்று யோசித்தபோது பிடிபட்ட விஷயங்களை வரிசையாக எழுதுகிறேன்.

குரல் நன்றாக இருக்கிறதா என்ற கவலையை முதலிலேயே விட்டுவிடுங்கள். வயிற்றில் ஆறு மாதம் தாண்டும்போதே குழந்தை சத்தங்களுக்கு அசைந்து கொடுக்கத் தொடங்கிவிடும். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் வேறொரு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுகின்றன என்பதை 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாயில் வைத்த ரப்பர் காம்பை எப்படிச் சப்பினால் அம்மா குரல் கேட்கும் என்பதைப் புரிந்துகொண்டு, பிள்ளைகள் அதற்கேற்பச் சப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டன. ஆகவே உங்கள் குரலுக்குக் கச்சேரித் தரம் தேவையில்லை, அது உங்கள் குரலாக இருந்தால் போதும். மாசமாக இருப்பவர்கள் இதைப் படித்தால் இன்றைக்கே ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு தினமும் பாடுங்கள்.

முதலில் வீட்டில் இருப்பதைச் சேகரியுங்கள்

இணையத்துக்குப் போகும் முன் அம்மாவிடமும் மாமியாரிடமும் கேளுங்கள். நேராகக் கேட்டால் "எனக்கென்னம்மா பாட்டுத் தெரியும்" என்பார்கள். குழந்தையை மடியில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுங்கள். ஐந்து நிமிடத்தில் தானாக வரும். எங்கள் ஆச்சி அம்பாசமுத்திரத்துக்காரர். பாடச் சொன்னால் வெட்கப்படுவார். பிள்ளை சிணுங்கினால் மட்டும், காலை நீட்டி அதன்மேல் தலையணையை வைத்து, பிள்ளையைப் போட்டு, முட்டியை ஆட்டிக்கொண்டே தொடங்குவார். அப்படித்தான் ஒரு நாள் கதவுக்கு வெளியே நின்று ஃபோனில் பதிவு செய்தேன். பாட்டோடு ஆச்சியின் கை தட்டுகிற வேகமும் அதில் கிடைத்தது. பின்னால் சொல்லப்போகும் தாளக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தட்டுதான்.

உங்கள் ஊரில் தாலாட்டு என்றே சொல்ல மாட்டார்கள் என்றால் ஓராட்டு, ரோராட்டு, தாராட்டு என்று கேட்டுப் பாருங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும், சொற்களும் மாறும். உங்கள் வீட்டில் பாடியதுதான் உங்களுக்கு எளிதாக வாயில் வரும்.

அப்புறம் உங்களுக்குத் தெரிந்த மற்றவற்றையும் எழுதுங்கள். பெரியாழ்வார் கண்ணனுக்கும் குலசேகராழ்வார் இராமனுக்கும் பாடிய தாலாட்டுப் பாசுரங்கள் 'தாலேலோ' என்று முடிகின்றன. எது மறந்தாலும் அந்தச் சொல்லுக்குத் திரும்பிவிடலாம். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் மூன்றாவதாக வருவது தாலப் பருவம், அதிலும் தேடலாம். ஆனால் அந்தச் சந்தங்கள் பெரும்பாலும் நீண்டவை, தூக்கக் கலக்கத்தில் நாக்குப் புரளாது. கிறிஸ்தவ வீடுகளில் பாலன் இயேசுவைத் தாலாட்டும் கிறிஸ்துமஸ் பாட்டுகளும், இஸ்லாமிய வீடுகளில் நபிமார் பெயர் சொல்லித் தாலாட்டும் பாட்டுகளும் உண்டு. பள்ளியில் மனப்பாடம் செய்த செய்யுள், சினிமாப் பாட்டின் பல்லவி எல்லாமே சேரலாம்.

சினிமாப் பாட்டு கூடாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 11 மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 272 குறைமாதக் குழந்தைகளுக்குப் பாட்டாலும் மெல்லிய ஓசைகளாலும் என்ன மாறுகிறது என்று பார்த்தார்கள். பெற்றோருக்குப் பிடித்த ஏதோ ஒரு பாட்டையே மெதுவாக்கித் தாலாட்டாகப் பாடியது நல்ல பலன் தந்தது. பெற்றோரின் மன அழுத்தமும் குறைந்தது. பிடித்த பாட்டு என்பதால் பாடுகிறவருக்கு அலுப்பு வராது, அது பெரிய விஷயம்.

இப்போது ஒரு சோதனை. விளக்கை அணைத்துவிட்டு, காகிதம் பார்க்காமல், ஒவ்வொரு பாட்டிலும் நான்கு வரி நிற்காமல் வருகிறதா என்று பாருங்கள். வராததை அடித்துவிடுங்கள். என் நாற்பதில் இருபத்தைந்து அங்கேயே போய்விட்டது.

குரல் எட்டுகிற உயரம்

பகலில் நன்றாக வருகிற பாட்டு நடுராத்திரியில் வராது. தூங்கி எழுந்த குரல் தாழ்ந்து, கரகரப்பாக இருக்கும். அதனால் பாட்டைக் காலையில் எழுந்தவுடன், பல் தேய்க்கும் முன் பாடிப் பாருங்கள். அப்போது மேலே ஏறும் இடத்தில் குரலை அழுத்த வேண்டியிருந்தால் அந்தப் பாட்டு வேண்டாம், அல்லது இன்னும் தாழ்வாகத் தொடங்குங்கள். ஐந்து கட்டைச் சுருதியில் பாடிப் பழகிய பெண்கள் நான்கு, மூன்று கட்டைக்கு இறங்கிவிடலாம்.

சினிமாப் பாட்டில் தடுக்கும் இடம் பெரும்பாலும் சரணம். பல்லவி கீழேயே இதமாக இருக்கும், சரணத்தில் திடீரென்று எகிறும். பல்லவியை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வாருங்கள். பாதியில் விட்டால் குழந்தை எதுவும் கேட்கப்போவதில்லை.

சங்கீதம் தெரிந்தவர்கள் உடனே நீலாம்பரிக்குப் போவார்கள். தூக்கத்துக்கு என்றே பெயர் பெற்ற ராகம்தான், பாடி வந்தால் அதற்கு ஈடில்லை. ஆனால் அதன் வளைவுகளும் கமகமும் (சுரத்தை அசைத்துப் பாடுவது) பயிற்சி இல்லாத தொண்டைக்குக் கடினம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது குறிஞ்சியும் நவரோஜும். இரண்டும் மேல் ஸட்ஜத்தை, அதாவது ச ரி க ம ப த நி முடிந்து மேலே வரும் 'ச'வை, தொடுவதே இல்லை. ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே உலாவும் ராகங்கள், மூச்சும் அதிகம் கேட்காது. ராகம் எதுவும் தெரியாது என்றால் இதையே இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பாட்டில் மிகக் கீழான இடத்துக்கும் மிக மேலான இடத்துக்கும் தூரம் குறைவாக இருக்க வேண்டும்.

தூளியின் ஆட்டத்தை அளந்து பாருங்கள்

என் பட்டியலில் மிச்சமிருந்ததைப் பெரும்பாலும் அடித்துப் போட்டது இந்த இடம்தான். பாட்டு ஒரு வேகத்தில் போகும், தூளி ஒரு வேகத்தில் போகும், கையும் வாயும் சண்டை போடும். பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும். குழந்தையும் கண்ணைத் திறந்து பார்க்கும்.

தூளி நாம் நினைக்கிற வேகத்தில் ஆடாது. அதன் நீளம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது, கடிகாரப் பெண்டுலம் மாதிரி. கொக்கியிலிருந்து குழந்தை கிடக்கும் இடம்வரை ஒரு மீட்டர் இருந்தால் ஒரு தடவை போய் வர இரண்டு நொடி ஆகும். ஒன்றரை மீட்டர் என்றால் சுமார் இரண்டரை நொடி. பழைய வீடுகளில் உயரமான விட்டத்தில் கட்டி இரண்டு மீட்டர் தொங்குகிற தூளிக்குக் கிட்டத்தட்ட மூன்று நொடி. குழந்தையின் எடை கூடினாலும் இது மாறுவதில்லை. அவசரப்படுத்தித் தள்ளினால் தூளி குலுங்குமே தவிர வேகமாகாது.

ஃபோனில் ஸ்டாப்வாட்சை வைத்து, தூளி பத்துத் தடவை போய் வர எத்தனை நொடி என்று பாருங்கள். பத்தால் வகுத்தால் உங்கள் வீட்டுத் தாளம் கிடைத்துவிடும். எங்கள் ஃபிளாட்டில் கான்கிரீட் கொக்கியில் மாட்டிய தூளிக்கு இரண்டரை நொடி வந்தது. 'ஆராரோ' என்று தூளி போகும், 'ஆரிரரோ' என்று திரும்பி வரும். ஒரு சீர் போக, ஒரு சீர் வர. நான்கு சீர் கொண்ட ஒரு வரிக்கு இரண்டு ஆட்டம், ஐந்து நொடி. ஆச்சி முட்டியை ஆட்டிப் பாடிய பதிவைப் போட்டுப் பார்த்தேன், அதிலும் இதே கணக்குதான்: முட்டி ஒரு பக்கம் சாய ஒரு சீர், மறுபக்கம் சாய ஒரு சீர். நாட்டுப்புறத் தாலாட்டின் வரி ஏன் இப்படி இரண்டு இரண்டு சீராகப் பிரிந்து நிற்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸ்பிரிங் தொட்டில் என்றால் கணக்கு வேறு. அது மேலும் கீழுமாகச் சட்டென்று ஆடும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு சீர் பாடினால் பாட்டு ஓடுகிற மாதிரி ஆகிவிடும், இரண்டு ஆட்டத்துக்கு ஒரு சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளில் போட்டு நடப்பவர்கள் நடையைத் தாளமாக எடுத்துக்கொள்ளலாம். படுக்கையில் தட்டித் தூங்கவைப்பவர்கள் நிமிடத்துக்கு அறுபது, எழுபது தட்டு என்ற அளவில், நிதானமாக இருக்கும் ஒருவரின் நாடித் துடிப்பு போலத் தட்டினால் சரியாக இருக்கும். பிடித்த பாட்டு அதைவிட வேகமானது என்றால் பாதி வேகத்தில் பாடிப் பாருங்கள். பாதி வேகத்தில் அழகு கெடாத பாட்டைத் தைரியமாக வைத்துக்கொள்ளலாம்.

தூளியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லியே ஆக வேண்டும். தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும். தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப் போகும் வழி குறுகும். ஆடும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தூங்கியதும் சமதளமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, போர்வைக் குவியல், பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். புரளவோ எழுந்து உட்காரவோ தொடங்கிவிட்டால் தூளியை அவிழ்த்துவிடுங்கள், பாட்டை மட்டும் தொடருங்கள்.

ஒலி, பிறகு சொல்

'தால்' என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்று சொல்வார்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடியும். ஆ, ஓ, ஏ என்று நீளும் ஒலிகளும், ர, ல, ம, ன போன்ற வழுக்கிப் போகும் எழுத்துகளும் நிறைய உள்ள வரிகளைப் பாருங்கள். க்க, ட்ட, ச்ச என்று இடிக்கிற சொற்கள் வரிசையாக வந்தால், தூங்கப்போகும் குழந்தைக்குப் பக்கத்தில் யாரோ பாத்திரத்தை வைக்கிற மாதிரி இருக்கும். ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை, அந்த இடத்தை மென்மையாகத் தொட்டுவிட்டுப் போங்கள்.

சொற்களின் பொருள் கைக்குழந்தைக்குப் புரியாது என்பது உண்மை. ஆனால் அதைத் தினமும் கேட்கிறவர் நீங்கள். பழைய தாலாட்டுகளில் மாமன் கொண்டு வரும் சீரும், அத்தை செய்த குறும்பும், பிறந்த வீட்டுப் பெருமையும், சில நேரம் புகுந்த வீட்டு மனத்தாங்கலும் வருவது அதனால்தான். வேறெங்கும் சொல்ல முடியாததைப் பெண்கள் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மனம் கனத்துக் கிடக்கும் நாட்களில் சோகமான பாட்டைத் தவிருங்கள் என்று நான் சொல்வேன். தாலாட்டும் ஒப்பாரியும் மெட்டில் மிக நெருக்கமானவை. ஒரு நாள் நான் எதையோ இழுத்து இழுத்துப் பாட, ஆச்சி உள்ளே வந்து, "அந்த மெட்டு வேண்டாம் தாயி, உனக்கே நெஞ்சு அடைச்சிரும்" என்றார். சொன்னது சரிதான், பாடி முடிக்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். அந்தக் கனம் இரண்டு வாரத்துக்கு மேல் விலகவில்லை என்றால் பாட்டை நம்பிக் காத்திருக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

சில வரிகளை மாற்றிவிடவும் தயங்காதீர்கள். ஆண் பிள்ளைதான் செல்வம் என்பது போன்ற வரிகள், சாதிப் பெருமை, பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான் என்ற மிரட்டல் எல்லாம் பழைய பாட்டுகளில் உண்டு. 'ராசா' வருகிற இடத்தில் 'ராசாத்தி' போட்டால் ஓர் அசை கூடும், அதை இழுத்துச் சமாளிக்கலாம். வாய்மொழிப் பாட்டு தலைமுறை தலைமுறையாக இப்படி மாறித்தான் நம்மிடம் வந்திருக்கிறது.

இரண்டு வரி நீங்களே கட்டுங்கள்

கேட்கப் பெரிய வேலை போலத் தோன்றும், உண்மையில் பத்து நிமிடம்தான். நான்கு சீர், முதல் சீரும் மூன்றாம் சீரும் ஒரே எழுத்திலோ அதன் குறில் நெடிலிலோ தொடங்கினால், அதாவது மோனை இருந்தால், மனத்தில் ஒட்டும். வீட்டைச் சுற்றி இருப்பதையே வையுங்கள். நான் முதலில் கட்டியது எங்கள் வாசல் மரத்தைப் பற்றி:

வாசலிலே வேப்பமரம் வாரிவாரிப் பூச்சொரிய
ஊரெல்லாம் தூங்கையிலே உன்விழிதான் தூங்கலையோ

சொந்தக்காரர்கள் பெயரும் சேதியும் வரட்டும். என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். மகள் பிறந்தபோது அவன் நடுக்கடலில் இருந்தான். ஆவணியில் வருவதாகச் சேதி வந்ததும் இதைக் கட்டினேன்:

ஆழக்கடல் போனமாமன் ஆவணியில் வந்திடுவார்
ஆனைபொம்மை கொண்டுவர ஆறுவாரம் தானிருக்கு

அடுத்த வாரம் 'அஞ்சுவாரம்' ஆனது. அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் மோனை உண்டு, அதனால் ஒட்டிக்கொண்டது. 'நாலுவாரம்' வந்தபோது மோனை விட்டுப்போனது, ஆனாலும் பாடினேன். இப்படி ஒரு வரியாவது உங்கள் வீட்டுடையதாக இருந்தால், மற்ற வரி மறந்த ராத்திரியில் அது கைகொடுக்கும்.

எத்தனை பாட்டு, எப்படிப் பாடுவது

மூன்று போதும். ஒன்று, அழுகையை நிறுத்த, கொஞ்சம் குரல் எடுத்துப் பாடுகிற பாட்டு. இரண்டாவது, கண் செருகும்வரை. மூன்றாவது வெறும் ஆராரோ. அழுகிற பிள்ளைக்கு முன் எடுத்த எடுப்பில் கிசுகிசுத்தால் அதன் காதில் விழாது. அழுகையின் உயரத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, படிப்படியாக இறங்குங்கள்.

கொட்டாவி, கண்ணைக் கசக்குவது, பார்வை எங்கோ நிலைகுத்துவது இவற்றில் ஒன்று தெரிந்ததும் தொடங்கிவிட வேண்டும். ரொம்பக் களைத்துப் போன பிறகு எந்தப் பாட்டும் எளிதில் எடுபடாது. பிறந்து மூன்று மாதம்வரை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரமும், அதன்பின் ஒரு வயதுவரை 12 முதல் 16 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து. இரவுத் தூக்கத்துக்கு எப்போதும் ஒரே பாட்டில் முடியுங்கள்.

கண் செருகியதும் சட்டென்று நிறுத்தாதீர்கள். முதலில் சொற்களைக் குறையுங்கள், 'ரோ ரோ' மட்டும் இருக்கட்டும். பிறகு வாயை மூடி 'ம்ம்' என்று மெட்டு மட்டும். அப்புறம் தட்டல் மட்டும். கடைசியில் கை சும்மா நெஞ்சில் கிடக்கட்டும். முழுதாகத் தூங்கும் முன்பே, அரைத் தூக்கத்தில் கீழே விட்டுப் பழக்கினால் பின்னால் நடுவில் விழித்தாலும் தானே தூங்கிவிடும் என்று சொல்கிறார்கள். என் மகளிடம் நான்காம் மாதத்துக்கு மேல்தான் அது நடந்தது.

புதுப் பாட்டை ஒரு வாரமாவது தொடர்ந்து பாடிவிட்டுத்தான் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். அப்பாவும் அதே பாட்டைத் தன் சுருதியில் பழகிக்கொள்ளட்டும். தோளில் போட்டுக்கொண்டு அவர் தாழ்வாகப் பாடும்போது நெஞ்சின் அதிர்வு குழந்தைக்கு அப்படியே கிடைக்கும். எங்கள் வீட்டில் பன்னிரண்டு மணிவரை நான், அதன்பின் என் கணவர் என்று பிரித்துக்கொண்டோம். அம்மா பாடினால்தான் தூங்கும் என்று ஆகிவிட்டால் அம்மாவுக்கு ஒரு ராத்திரிகூட ஓய்வு கிடைக்காது.

ஃபோனில் பாட்டுப் போடுவது அவசரத்துக்கு மட்டும். கண் செருகும் நேரத்தில் நடுவே விளம்பரம் கத்தினால் அவ்வளவு நேர உழைப்பும் போச்சு. பதிவிறக்கி வைத்துக்கொண்டு, ஃபோனைத் தொட்டிலை விட்டுத் தள்ளி, நாம் பேசுகிற குரலைவிடச் சத்தம் குறைவாக வையுங்கள். திரை குழந்தையின் கண்ணில் படவே கூடாது. ஒரு வயதுவரை திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அறிவுரை.

எதுவும் எடுபடவில்லை என்றால் பாட்டை மாற்றும் முன் பசி, ஈரத்துணி, ஏப்பம், புழுக்கம், எறும்பு எல்லாவற்றையும் பாருங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உடம்பு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அழுகை தாங்க முடியாமல் உங்களுக்கே கோபம் தலைக்கேறினால், பிள்ளையைப் பத்திரமாகப் படுக்கையில் விட்டுவிட்டு வெளியே போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எந்த நிலையிலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது.

ஒரு வயதுக்கு மேல் பாட்டைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில் இருக்காது, பிள்ளையே கேட்கும். என் தம்பி சொன்னபடி ஆவணியில் வந்தான், துணி யானை ஒன்றையும் கொண்டு வந்தான். மகளுக்கு இப்போது இரண்டு வயது. அவன் மறுபடி கப்பலேறி, மறுபடி வந்து, கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ராத்திரி, "மாமாதான் வந்தாச்சே" என்று அந்த வரியை மாற்றிப் பாடினேன். யானையின் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "ஆறுவாரம் பாடு" என்றாள். பாடினேன். படுத்துக்கொண்டாள்.